கடலின் நாட்குறிப்பு

கடல் மாறாதது என்று எண்ணுவது மனித இயல்பு. நிலத்திலே காடு அழிந்தால் கண்ணுக்குத் தெரிகின்றது; குளம் வற்றினால் ஊரே அதைப் பற்றிப் பேசுகின்றது. கடலோ நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கின்றது. அதே அலை, அதே நீலம், அதே இரைச்சல். அதன் ஆழத்திலே நிகழும் மாற்றங்கள் கரையில் நிற்பவனுடைய கண்ணுக்கு எட்டுவதில்லை.

உலகத்தின் காலநிலை மாறி வருகின்றது என்றும், அதனால் கரையோரக் கடல்களில் வாழும் உயிரினங்கள் நிலைகுலைந்து வருகின்றன என்றும் இன்று எங்கும் பேசப்படுகின்றது. ஒரு கடல் மாறிவிட்டது என்று கூறவேண்டுமாயின், அது முன்னர் எவ்வாறு இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா? அத்தகைய சாட்சியைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த ஒரு கடற்கரையின் வரலாற்றை இவ்வாரம் நமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். வட அமெரிக்காவின் மேற்கே, பசுபிக் சமுத்திரத்தை நோக்கிக் கிடக்கும் கலிபோர்னியாவே அக்கடற்கரை.

கலிபோர்னியாவின் தென்பகுதியில் லா ஹோயா என்னும் இடம் உண்டு. அங்குள்ள ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்துக்குச் சொந்தமான நீண்ட இறங்குதுறை ஒன்று கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. 1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் திகதி அங்கே ஒரு வேலை தொடங்கிற்று. மிக எளிய வேலைதான். வாளியைக் கடலில் இறக்கி நீரை முகந்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, காட்டும் அளவைக் குறித்துக்கொள்வதே அது. ஐரோப்பாவில் முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்தது, இன்னொரு யுத்தம் வந்து போயிற்று, பழைய இறங்குதுறையின் இடத்திலே புதியதும் எழுந்தது. நாள்தோறும் நீரை அளக்கும் வழக்கம் மட்டும் நின்றுபோகவில்லை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அங்கே கடல் நீரின் வெப்பநிலை 25.9 பாகை செல்சியசை எட்டியது. 1931ஆம் ஆண்டில் பதிவாகியிருந்த உச்ச அளவை, 87 ஆண்டுகளுக்குப் பின் அந்நாள் தாண்டிற்று. ஆனால் ஒருநாள் வெப்பத்தைக் கொண்டு நாம் எதனையும் தீர்மானித்துவிட முடியாது. 1931இலும் ஒரு வெப்பநாள் இருக்கத்தானே செய்தது? ஒரு நூற்றாண்டின் ஏடுகளை வரிசையாகப் புரட்டிப் பார்க்கும்பொழுதே கடல் மெல்ல மெல்லச் சூடேறி வந்திருப்பது புலப்படுகின்றது. தனி ஒரு நாளின் கணக்கு செய்தி மாத்திரமே. நூறு ஆண்டுகளின் கணக்குத்தான் சாட்சியாகும்.

இனி, மீனைப் பற்றிய கதைக்கு வருவோம். கலிபோர்னியாவின் மொன்டரே நகரம் ஒரு காலத்திலே சாளை மீனால் செழித்தது. மீனை டின்களில் அடைக்கும் தொழிற்சாலைகள் கரை நெடுகிலும் நின்றன. 1936-37ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலே பிடிபட்ட சாளை 7 இலட்சம் தொன் அளவினதாகும். பின்னர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த மீன்வளம் குலைந்து போயிற்று. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. குற்றம் யாருடையது என்ற வழக்கும் எழுந்தது. அளவின்றிப் பிடித்ததால் மீன் அழிந்தது என்றனர் ஒரு சாரார். கடலே மாறிவிட்டது, வலையைக் குறை சொல்லிப் பயனில்லை என்றனர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கென்றே 1949ஆம் ஆண்டில் ‘கல்கோபி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டு ஆராய்ச்சி முயற்சி கடலில் இறங்கிற்று. விஞ்ஞானிகளும் அரசாங்க மீன்வளப் பகுதியினரும் ஒன்றுசேர்ந்து கப்பல்களை அனுப்பினர். ஆண்டுதோறும் பல முறை, குறித்த இடங்களில் கப்பலை நிறுத்தி, ஆழத்துக்கு ஆழம் நீரின் வெப்பம், உப்புத்தன்மை, ஒட்சிசன் ஆகியவற்றை அளந்தனர். நுண்ணிய வலைகளால் கடலை அரித்து, அகப்பட்ட மீன் முட்டைகளையும் மிதக்கும் சிறு பிராணிகளையும் போத்தல்களில் இட்டுப் பாதுகாத்தனர். இன்றும் அப்பணி நடைபெறுகின்றது. அன்று நிரப்பிய போத்தல்களும் பேணப்பட்டு வருகின்றன.

சாளையின் வழக்கிற்கு எதிர்பாராத இடத்திலிருந்தும் ஒரு சாட்சி வந்தது. சாண்டா பார்பராக் கரைக்கு அப்பாலுள்ள கடற்பள்ளத்தின் அடியில் ஒட்சிசன் மிகக் குறைவு. சேற்றைக் கிளறும் புழுக்கள் அங்கே வாழ முடியாமையால், ஆண்டுதோறும் படியும் வண்டல் ஏட்டின் பக்கங்கள் போல அடுக்கடுக்காகக் கிடக்கின்றது. அவ்வடுக்குகளில் புதைந்திருந்த மீன் செதில்களை விஞ்ஞானிகள் எண்ணினர். 1992ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, ஏறக்குறைய 1,700 ஆண்டுக் காலத்தில் சாளை பல முறை பெருகியும் பல முறை அருகியும் வந்திருக்கின்றது. இயந்திரப் படகும் தொழிற்சாலையும் தோன்றாத காலத்திலும் இது நிகழ்ந்தது. ஆகவே கடலுக்கு இயல்பாகவே ஏற்றமும் இறக்கமும் உண்டு. இறங்குமுகமான காலத்தில் ஏறுமுகக் காலத்தைப் போலவே வலை வீசியதுதான் மனிதன் செய்த பிழை. வழக்காடிய இரு சாராரின் சொல்லிலும் உண்மை இருந்தது.

கடலுக்கு இயற்கையாகவே ஏற்ற இறக்கம் உண்டென்றால், மனிதனால் விளைந்த வெப்பத்தின் வேலையை அதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? பத்து ஆண்டுகள் மட்டும் பார்ப்பவன் ஏறும் அலையைக் கண்டு வெள்ளம் என்பான். இறங்கும் அலையைக் கண்டு வற்றிவிட்டது என்பான். பல அலைகள் ஏறி இறங்கும் வரை காத்திருந்து அளப்பவனே கடலின் மட்டம் உயர்கின்றதா என்பதைச் சொல்லத் தகுதியுள்ளவன்.

இக்காத்திருப்பில் இடைவெளி விழுந்தால் என்ன நேரும் என்பதையும் இவ்வரலாறே காட்டுகின்றது. 1970களில் ‘கல்கோபி’ கப்பற் பயணங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையாகச் சுருக்கப்பட்டன. 1975இல் கப்பல் சென்றது. அடுத்து 1978இல் சென்றது. இடைநின்ற 1976-77ஆம் ஆண்டுகளிலேதான் வட பசுபிக் சமுத்திரம் குளிர்ந்த நிலையிலிருந்து வெப்பமான நிலைக்குப் பெரும் திருப்பமாகத் திரும்பிற்று. அத்திருப்பத்தை நேரில் பார்த்திருக்க வேண்டிய கண், அந்த வேளை பார்த்து மூடியிருந்தது. தவறவிட்ட மழையை அடுத்த மாரியில் அளக்கலாம். தவறவிட்ட ஆண்டை எந்த ஆண்டிலும் அளக்க முடியாது.

1995ஆம் ஆண்டில் ரோமிக், மக்கோவன் என்னும் இரு விஞ்ஞானிகள் இந்நீண்ட கணக்கை ஆராய்ந்து ஒரு செய்தி வெளியிட்டனர். 1951 முதல் தென் கலிபோர்னியக் கடலின் மேல்நீர் சில இடங்களில் 1.5 பாகைக்கு மேல் சூடேறிற்று என்றும், மிதக்கும் சிறு பிராணிகளின் அளவு 80 சதவீதம் குறைந்தது என்றும் அவர்கள் கூறினர். இதன் காரணம் விளங்கக் கடலையும் ஒரு வயலாக எண்ணிப் பார்க்கலாம். அக்கரையோரமாக வீசும் காற்று மேல்நீரை அப்பால் தள்ள, உரச்சத்து மிகுந்த குளிர்நீர் ஆழத்திலிருந்து எழுகின்றது. கடலை இயற்கை உழும் முறை அது. மேல்நீர் சூடேறிக் கனம் குறைந்தால், அது அடிநீருக்கு மூடி போலாகிவிடும். உழவு ஆழமாக இறங்காது, பயிரும் செழிக்காது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. பின்வந்த ஆராய்ச்சியாளர் பழைய போத்தல்களைத் திறந்து, உள்ளே இருப்பவை எவை எவை என இனம் பிரித்து எண்ணினர். குறைந்தவற்றுள் பெரும்பங்கு சால்ப் முதலிய, பளிங்கு போன்று நீர் நிறைந்த பிராணிகளே என்பது அப்போது தெரிந்தது. கூடையிலிருந்து நீற்றுப் பூசணிக்காய்களை எடுத்துவிட்டால் கூடை வெறுமையாகத் தோன்றும். சத்துள்ள பயறு அடியில் அப்படியே இருக்கலாம் அல்லவா? கன அளவால் பார்த்தபோது பெருங்குறைவு. உடலிலுள்ள கரியின் அளவால் பார்த்தபோது அத்தகைய குறைவு காணப்படவில்லை. மாற்றம் நிகழ்ந்தது மெய். அதன் உருவம் முதலில் எண்ணியதிலும் வேறானது. அரை நூற்றாண்டுக்கு முன் நிரப்பிய போத்தல்களை எவரேனும் வீண்பொருள் என்று எறிந்திருந்தால், இத்திருத்தம் கிடைத்திராது.

மாணவர்கள் சிறப்பாக அறியவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1931 முதல் 1933 வரை வில்லிஸ் ஹெவாட் என்னும் மாணவர், மொன்டரேக்கு அருகிலுள்ள ஹொப்கின்ஸ் கடல்நிலையத்தின் பாறைக் கரையில் ஒரு நேர்கோடு வகுத்தார். கஜச் சதுரங்களாகப் பிரித்து, அவற்றில் வாழ்ந்த நத்தை, மட்டி முதலியவற்றை எண்ணிக் குறித்தார். கோட்டைக் காட்டப் பாறையில் பித்தளை ஆணிகளையும் பதித்தார். அறுபது ஆண்டுகள் கழிந்தபின், சேரா கில்மன், ராபேல் சாகரின் என்னும் இரு மாணவர்கள் அவ்வாணிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதே சதுரங்களை மீண்டும் எண்ணினர். 1995இல் வெளியான முடிவு இது: வெப்பமான தென்பகுதிக்கு உரிய 9 இனங்களில் 8 பெருகியிருந்தன, குளிர்ந்த வடபகுதிக்கு உரிய 8 இனங்களில் 5 அருகியிருந்தன. அதே காலத்தில் அக்கரை நீரின் சராசரி வெப்பநிலை 0.75 பாகை உயர்ந்திருந்தது. முக்கால் பாகை நம் உடலுக்குத் தெரியாது. பாறையில் ஒட்டிய நத்தைக்குத் தெரிந்தது.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. 2014 முதல் 2016 வரை அக்கடலை வரலாறு காணாத வெப்ப அலை ஒன்று பற்றிற்று. அதற்குச் சற்று முன்னரே நட்சத்திர மீன்களைக் கொள்ளைநோய் தாக்கியிருந்தது. கடல் முள்ளெலிகளைத் தின்று அடக்கிவந்த நட்சத்திர மீன்கள் மடியவே, முள்ளெலிகள் பல்கிப் பெருகின. வெப்பத்தால் ஏற்கெனவே வாடியிருந்த ‘கெல்ப்’ என்னும் கடற்காட்டை அவை மேய்ந்து தீர்த்தன. வட கலிபோர்னியக் கரையிலே 350 கிலோமீற்றர் தூரத்துக்கு அக்காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. அதை உண்டு வாழ்ந்த அபலோனி என்னும் பெரிய கடல் நத்தைகள் பட்டினியால் மாண்டன. 2018இல் அவற்றைப் பிடிப்பதும் தடுக்கப்பட்டது. முன்னைய கணக்கு இருந்தமையாலேயே இழப்பின் அளவை உலகம் அறிந்தது.

1916ஆம் ஆண்டில் முதல் வாளியை இறக்கியபோது, அவ்வெண்களிலிருந்து ஒருநாள் காலநிலை மாற்றத்தின் கதை படிக்கப்படும் என எவர் எதிர்பார்த்திருப்பார்? ஹெவாட்டும் தமது ஆணிகளைத் தேடி இரு மாணவர் வருவர் என்று அறிந்து அவற்றைப் பதித்தாரல்லர். ஆயினும் பின்வருபவன் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி, இடத்தையும் முறையையும் நேர்மையாக எழுதிவைத்தனர். இத்தகைய வேலைக்கு மாலையும் மேடையும் கிடைப்பதில்லை. பயனைக் காண்பவன் பெரும்பாலும் செய்தவனின் பேரனாகவே இருப்பான்.

கடலோரப் பாடசாலைகளில் கற்கும் மாணவச் செல்வங்களே, ஒரு வாளியும் வெப்பமானியும் குறிப்பேடும் எவருக்கும் எட்டாத பொருள்கள் அல்ல. ஆசிரியரின் துணையோடு ஓரிடத்தைத் தெரிந்து, குறித்த நேரத்தில் அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள். நீங்கள் பாடசாலையை விட்டுச் செல்லும்போது, அந்த ஏட்டை அடுத்த வகுப்பாரின் கையில் ஒப்படைத்துச் செல்லுங்கள். அளப்பதை விட, அவ்வாறு ஒப்படைப்பதே அரிது என்று நாம் கருதுகின்றோம்.