மாடு நம்மது, மாட்டு டாக்டர் படிப்பு யாருக்கு?

 

நம்ம சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். மூணாவது ஈத்து கலப்பினப் பசு. கன்னு போட்ட மறுநாள் ராத்திரி படுத்தது, எழுந்திருக்கல. கழுத்தை மடக்கி விலாமேல சாய்ச்சுக்கிட்டுக் கிடந்தது. காது ரெண்டும் சில்லுன்னு ஆகிப்போச்சு. ஒருத்தர் கண்ணேறு என்றார், ஒருத்தர் கஷாயம் ஊத்தச் சொன்னார். ஊசி போடுகிற ஆள் ஒருவர் வந்து என்னமோ போட்டார். விடியறதுக்குள்ள மாடு போச்சு. கடன் மட்டும் நிற்குது.

வந்தது பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது. சீம்பால் சுரக்கும்போது ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்துபோவதால் வருவது. கால்சியம் மருந்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நிற்கும். அதே மருந்தை அவசரமாக ஏற்றினால் இதயம் நின்று செத்துவிடும். இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் அன்று ராத்திரி நம்ம ஊரில் இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்கிற படிப்புக்குத்தான் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு என்று பெயர். ஒரு வருஷ நேரடிப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம்.

படிப்புக்கு நம்ம மாநிலத்தில் பஞ்சமில்லை. 1903-லேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பித்துவிட்டார்கள். 1989-ல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இப்போது சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி என்று ஏழு ஊரில் அரசுக் கல்லூரி இருக்கிறது. 1962-க்குப் போன் போட்டால் வண்டி வருகிற ஏற்பாடும் வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் வண்டியில் இருந்து இறங்க டாக்டர் வேணுமே!

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடு மட்டும் சுமார் 95 லட்சம். வெள்ளாடு அதுக்கும் மேல, 98 லட்சத்தைத் தாண்டுது. 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண்மை ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் மாட்டுக்கு மட்டுமே சுமார் 1,900 டாக்டர் வேண்டும். ஆடு, எருமை, கோழி எல்லாம் தனி.

இவ்வளவு மாட்டையும் ஆட்டையும் வளர்க்கிறது யாரு? அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற நாம். அதிலும் பெரும்பாடு படுகிறவர்கள் பெண்கள். கல்யாண வீட்டு மீதிச் சோத்தை மாட்டுக்கு நிறையக் கொட்டினால் வயிறு புளிச்சுப் படுத்துவிடும் என்று நம்ம வீட்டுப் பொண்ணுக்குப் பத்து வயசிலேயே தெரியும். மாடு அசை போடலைன்னா முதலில் கவனிக்கிறதும் அவதான். அந்தப் பொண்ணு கல்லூரி வாசலுக்குப் போய்ச் சேருவதில்லை. ஏன்?

பலரும் நீட் தேர்வு என்று நினைத்துப் பயந்து விண்ணப்பமே போடுவதில்லை. இந்தப் படிப்பில் அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடத்துக்குத்தான் நீட். மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கில் கிடைப்பவை. உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, ஆக 200-க்குக் கட்-ஆப். சிக்கல் பத்தாவது முடிச்ச உடனே ஆரம்பிக்குது. பஸ் வசதி இல்லை, பக்கத்துப் பள்ளியில் இருக்கிற குரூப்பில் சேரு என்று நாமே சொல்லிவிடுகிறோம். உயிரியல் படிக்காத பிள்ளைக்கு அதோடு கதவு மூடிவிடும். உயிரியல் எடுத்தாலும் பாடம் நடத்த ஆசிரியர் இல்லாமல் பாதி வருஷம் ஓடினால், டியூஷன் வைத்துப் படிக்கிற டவுன் பிள்ளையோடு அது எப்படிப் போட்டி போடும்?

2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. நல்ல சட்டம். ஆனால் 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆட்டை வித்து இங்கிலீஷ் பள்ளியில் எட்டாவது வரை போட்டுவிட்டு, பணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறோமே, அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இது கிடைக்காது. இது நம்ம பக்கத்துத் தப்பும்தான், ஒத்துக்கொள்வோம்.

மார்க் குறைந்தவர்களைச் சேர்த்தால் தரம் போகும் என்று சிலர் சொல்றாங்க. உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே பாஸ் மார்க். அப்புறம் தரம் எங்கே போகும்? நாங்கள் பதிலுக்கு ஒண்ணு கேட்கிறோம். நல்ல மார்க் வாங்கிப் படித்தவர்கள் நகரத்தில் நாய், பூனைக்கு ஆஸ்பத்திரி வைக்கிறார்கள். தப்பென்று சொல்லவில்லை, அதுவும் வைத்தியம்தான். நம்ம தொழுவத்துக்கு யார் வருவா? நம்ம பிள்ளை படித்தாலும் வேலை இருக்கிற பக்கம்தான் போகும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் கேட்கிறோம். கால்நடை வளர்க்கும் சிறு, குறு விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் தனி ஒதுக்கீடு கொடு. அதில் படித்தவர் ஐந்து வருஷம் கிராம மருந்தகத்தில் வேலை பார்க்கட்டும், சம்மதம். அதுக்கு நிரந்தர வேலையும், தங்க வீடும் அரசு தரணும். வெறுங்கையோடு அனுப்பிவிட்டுச் சேவை செய் என்று சொல்லக் கூடாது. ஒரு வருஷப் பயிற்சியில் பாதியையாவது நம்ம ஒன்றியங்களில் நடத்து. ஒவ்வொரு ஒன்றியத்திலும் உயிரியல் பிரிவை ஆசிரியரோடு கொடு.

ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுக்கப் போகிறோம். உயிரியல் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டார் கிளைச் செயலாளரிடம் பேர் கொடுங்கள். மாட்டைப் பறிகொடுத்தவர்களும் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறோம். மனுவை அவங்களே படிக்கட்டும்.