செம்புக்காசு செல்வமாகுமா?

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

என் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஓர் ஓட்டைக் காலணாவும் எப்போதும் இருக்கும். அதைக் கொடுத்து இன்று எந்தக் கடையிலும் ஒரு கடுகுகூட வாங்க முடியாது. ஆயினும் அவர் அதைத் தூக்கி எறிந்ததில்லை. "காசு செல்லாமல் போகலாம், செம்பு செல்லாமல் போகுமா?" என்பது அவருடைய கேள்வி.

அந்தக் காலணாவின் நடுவில் ஓட்டை விழுந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். உலோகப் பஞ்சம் வந்தபோது, 1943 முதல் நடுவில் துளையிட்டுக் காசு அடித்து உலோகத்தை மிச்சப்படுத்தினார்கள். அதே 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் தன் ஒரு சென்ட் காசைச் செம்பில் அடிப்பதை நிறுத்தி, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. காசின் மதிப்புக்கும் அதிலுள்ள உலோகத்தின் மதிப்புக்கும் இடையே ஓயாத போட்டி ஒன்று உண்டு என்பதை அன்று உலகமே கண்டது. நம் நாட்டில் காலணா கதையாகிவிட்டது. அமெரிக்காவிலோ அந்தப் போட்டி இன்னும் முடியவில்லை. பாட்டியின் கேள்வியையே அங்கே பல குடும்பங்கள் கேட்கின்றன. கேட்பதோடு நில்லாமல் தகர டப்பாக்களிலும் பீப்பாய்களிலும் செம்புச் சென்ட்டுகளைச் சேர்த்தும் வைக்கின்றன. அவர்கள் கணக்கு சரியா, தவறா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காசைப் பார்ப்போம். 1982-க்கு முன் அடித்த அமெரிக்கச் சென்ட் 3.11 கிராம் எடை. அதில் நூற்றுக்கு 95 பங்கு செம்பு. 1982-ஆம் ஆண்டின் நடுவே அது மாறியது. புதிய காசு இரண்டரை கிராம் எடையுள்ள துத்தநாகம். மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டுமே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மேசைமேல் போட்டால் பழையது மணிபோல் ஒலிக்கும். புதியது 'பொத்' என்று விழும். 1982 என்று பொறித்த காசில் மட்டும் இரண்டு வகையும் உண்டு. தராசில் போட்டால்தான் தெரியும். சேர்ப்பவர்கள் வங்கியில் ஐம்பது ஐம்பதாகச் சுருட்டிய காசுகளை வாங்கி வந்து, செம்பைப் பொறுக்கிக்கொண்டு துத்தநாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கெட்ட நாணயம் நல்ல நாணயத்தை விரட்டும் என்று நாம் வகுப்பில் படிக்கும் கிரஷாம் விதிக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டுமா?

அவர்களுடைய வாதத்தை நியாயமாகவே எடுத்துரைப்போம். செம்பு டன் ஒன்றுக்குச் சுமார் 3,400 டாலர் விற்றால், பழைய சென்ட்டில் இருக்கும் செம்பின் விலை சரியாக ஒரு சென்ட். அதற்குமேல் விலை ஏற ஏற இலாபம். 2011 பிப்ரவரியில் செம்பு 10,000 டாலரைக் கடந்தது. அன்று ஒரு சென்ட் காசுக்குள் ஏறக்குறைய மூன்று சென்ட் செம்பு இருந்தது. விலை விழுந்தாலோ? 2008 ஜூலையில் 9,000 டாலரை நெருங்கிய செம்பு, அதே ஆண்டு டிசம்பரில் 3,000 டாலருக்கும் கீழே போயிற்று. செம்புக் கம்பி வாங்கி வைத்திருந்தவன் கையைச் சுட்டுக்கொண்டான். செம்புக் காசு வைத்திருந்தவனுக்கோ ஒரு சென்ட் ஒரு சென்ட்டாகவே இருந்தது. ஏறினால் இலாபம், இறங்கினால் நட்டமில்லை. இப்படி ஒரு முதலீடு எங்கே கிடைக்கும் என்கிறார்கள் அவர்கள்.

அவர்களுக்கு முன்னோடியும் உண்டு. 1964 வரை அமெரிக்காவின் பத்து சென்ட், கால் டாலர் காசுகளில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி இருந்தது. 1965-இல் வெள்ளியை நீக்கினார்கள். மக்கள் பழைய காசுகளைப் பதுக்கினார்கள். அவற்றை உருக்கக் கூடாதென்று 1967-இல் தடை வந்தது. 1969-இல் தடை நீங்கியது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சு 50 டாலரை எட்டிப் பிடித்தபோது, ஆயிரம் டாலர் முகமதிப்புள்ள வெள்ளிக் காசுகள் முப்பதாயிரம் டாலருக்கு மேல் மதிப்புப் பெற்றன. வெள்ளிக்கு வந்த வாழ்வு செம்புக்கும் வராதா என்பதே அவர்கள் நம்பிக்கை.

வராது என்பது என் கருத்து. காரணங்கள் மூன்று.

முதலாவது, சட்டம். 1974-இல் செம்பு விலை ஏறி, காசின் உலோக மதிப்பு முகமதிப்பை நெருங்கியது. உடனே அமெரிக்கக் கருவூலத் துறை சென்ட்டை உருக்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை விதித்தது. செம்புக்குப் பதில் அலுமினியத்தில் சோதனைக் காசுகள்கூட அடித்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் செம்பின் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. 1978-இல் தடையை நீக்கினார்கள். அப்போது உருக்கினால் நட்டம்! மீண்டும் 2006-இல் விலை 6,000 டாலரைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மீண்டும் தடை வந்தது. 2007-இல் அது நிலையான விதியாயிற்று. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த வரலாறு சொல்வது என்ன? இலாபம் இருக்கும்போது தடை இருக்கும். தடை நீங்கும்போது இலாபம் இராது.

இப்போது நிலைமை மாறிவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். 2025 நவம்பர் 12-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில், புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்டை அடித்து முடித்தார்கள். 1793-இல் தொடங்கிய வேலை முற்றுப்பெற்றது. காசு அடிப்பதே நின்றபின் அதைக் காக்க ஒரு தடை எதற்கு, இனி நீங்கிவிடும் என்று சேர்த்தவர்கள் மகிழ்கிறார்கள். ஆனால் அண்டை நாடான கனடாவைப் பாருங்கள். அங்கே 2012 மே மாதத்திலேயே கடைசிச் சென்ட் அடிக்கப்பட்டது. காசு செல்லும் என்ற நிலையும் தொடர்ந்தது. அனுமதியின்றி உருக்கக் கூடாது என்ற சட்டமும் தொடர்ந்தது. திரும்பி வந்த காசுகளை நாணயச் சாலையே பெற்று, உலோகமாக மாற்றிக்கொண்டது. செம்பின் இலாபம் சேர்த்தவன் வீட்டுக்குப் போகவில்லை. அரசின் கணக்குக்குப் போயிற்று.

இரண்டாவது காரணம், சுமை. ஆயிரம் டாலருக்கான வெள்ளிக் காசுகள் 25 கிலோ எடை, ஒருவர் தூக்கிவிடலாம். ஆயிரம் டாலருக்கான செம்புச் சென்ட்டுகளோ ஒரு லட்சம் காசுகள். எடை 311 கிலோ. அதை வைக்க இடம் வேண்டும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு காசாக ஆண்டு பார்த்துப் பிரிக்க வேண்டும். கடைசியில் கொண்டு போய்க் கொட்டுமிடம் பழைய உலோகம் வாங்கும் கடை. அங்கே இலண்டன் சந்தையின் தூய செம்பு விலை கிடைக்காது. ஐந்து பங்கு துத்தநாகம் கலந்திருக்கிறது என்பார்; சுத்திகரிப்புச் செலவு என்பார்; தம் இலாபத்தையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். இன்றும் சேர்ப்பவர்கள் தமக்குள்ளே மூட்டை மூட்டையாக விற்று வாங்கிக்கொள்கிறார்கள். அந்த விலை முகமதிப்பைவிட மேலே. ஆனால் உலோக மதிப்பைவிடக் கீழே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இவர்களுக்காகவே சொன்னது போலிருக்கிறது.

மூன்றாவது காரணந்தான் முதன்மையானது: காலம். ஒருவர் 1982-இல் ஆயிரம் டாலர் போட்டு, ஒரு லட்சம் செம்புச் சென்ட்டுகளை அடுக்கி வைத்தார் என்று கொள்வோம். அவற்றில் உள்ள செம்பு 295 கிலோ. 2024-இல் செம்பின் சராசரி விலை டன்னுக்கு 9,000 டாலருக்குச் சற்று மேல். தடையே இல்லை, தள்ளுபடியே இல்லை, வண்டிக் கூலியும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அவர் கைக்கு வருவது சுமார் 2,700 டாலர். ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றாகப் பெருகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதே 42 ஆண்டுகளில் அமெரிக்காவின் விலைவாசி மூன்றேகால் மடங்காகிவிட்டது. 1982-இல் ஆயிரம் டாலருக்கு வாங்கிய பண்டங்களை 2024-இல் வாங்க 3,250 டாலர் வேண்டும். ஆக, அரும்பாடுபட்டுச் சேர்த்துக் காத்தவர் அடைந்தது இலாபமன்று, நட்டம். அதே பணத்தை ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டிக்கு விட்டிருந்தால்கூட 7,700 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். 1982-இல் அமெரிக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களே 10 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தந்தன என்பதையும் மறக்கலாகாது.

இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற வாதத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. விலை விழுந்தாலும் ஒரு சென்ட் ஒரு சென்ட்தான் என்றார்கள். உண்மை, ஆனால் அந்த ஒரு சென்ட்டுக்கு என்ன கிடைக்கும் என்பது ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறது. தரை இருக்கிறது, அந்தத் தரையே மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. செம்பு வட்டி தருவதில்லை, குட்டி போடுவதில்லை, பீப்பாய்க்குள் கிடந்து கறுப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை.

இதனால் காசு சேர்ப்பவர்களை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. அவர்கள் கண்ட நோய் உண்மையான நோய். 1793-இல் அமெரிக்கச் சென்ட் 13 கிராமுக்கு மேல் எடையுள்ள செம்பு. 1864-இல் அது 3.11 கிராம் வெண்கலமாயிற்று. 1982-இல் துத்தநாகமாயிற்று. 2024 நிதியாண்டில் அந்தத் துத்தநாகச் சென்ட் ஒன்றைச் செய்து அனுப்பவே 3.69 சென்ட் செலவாயிற்று. இறுதியில் காசு அடிப்பதையே கைவிட்டார்கள். பணத்தின் மதிப்பு கரைகிறது. அரசு அதைக் காக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. உழைத்துச் சேர்த்ததைக் கரையாத ஏதோ ஒன்றில் வைக்க வேண்டும் என்று எளிய மனிதன் தவிப்பது இயல்பு. நோயைச் சரியாகக் கண்டவர்கள் மருந்தைத்தான் தவறாகத் தேர்ந்தார்கள். அந்த வீட்டுக் குழந்தையின் படிப்புக்கோ முதுமையின் மருத்துவச் செலவுக்கோ பயன்பட வேண்டிய பணம், சட்டம் மாறும் நாளை எதிர்பார்த்து இருட்டறையில் உறங்குகிறது. வருத்தம் அதுதான்.

சேமிக்கும் பொருளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வேண்டும்போது விற்க முடியுமா? விற்கச் சட்டம் இடந்தருமா? விலைவாசியோடு சேர்ந்து வளருமா? செம்புச் சென்ட் இம்மூன்றுக்கும் உறுதியான விடை தரவில்லை. நினைவுக்காக நாலு காசு வைத்துக்கொள்ளட்டும். வாழ்வுக்காக நாலாயிரம் கிலோ வேண்டாம்.

பாட்டியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். செம்பு செல்லாமல் போகாது. ஆனால் செம்பு செல்வதால் மட்டும் அதை வைத்திருப்பவர் செல்வராகிவிட மாட்டார். சென்ற பொங்கலன்று அந்த ஓட்டைக் காலணாவைப் பாட்டி என் கையில் கொடுத்தார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கூடவே அவர் கொடுத்த ஐந்நூறு ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டேன்.