இழைப்புளியில் பொறித்த பெயர்

அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில் தச்சுக் கருவி செய்தவர்களின் வம்ச வரலாற்றைத் தேடுகிறவர்கள் பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற பெயரில்தான் தொடங்குகிறார்கள். மாசசூசெட்ஸில் ரென்தம் என்ற ஊரில் இழைப்புளி செய்தவர் அவர். 1683இல் பிறந்து 1753இல் இறந்தார். அவர் மகன் ஜானும் அதே தொழில் செய்தார். தகப்பன், மகன், பட்டறை, நிலம், உயில் என்று பட்டியல் ஒழுங்காக இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டறையில் மூன்றாவதாக ஒரு மனிதனும் உழைத்தான். சீசர் செலர் என்று பெயர். நீக்ரோ அடிமை. அவனுடைய தகப்பன் யார், தாய் யார்? எஜமானனின் ஏடுகள் அதைச் சொல்லவில்லை. சீசர் என்பதும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயராக இராது. ரோமாபுரிப் பெயர்களை அடிமைகளுக்குச் சூட்டுவது அந்நாளைய எஜமானர்களின் வழக்கம்.

இது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வம்சம் எழுத எதைப் புரட்டுகிறார்கள்? நிலப் பத்திரம், உயில், சொத்துப் பட்டியல். இவையெல்லாம் உடைமை உள்ளவனின் காகிதங்கள். சொத்துள்ளவன் அவற்றில் மனிதனாக வருகிறான். அடிமையோ கட்டில், மாடு, ரம்பம் ஆகியவற்றோடு சொத்தாக வருகிறான்!

1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவர் எழுதிவைத்த உயில் செலருக்கு விடுதலை தந்தது. கூடவே படுக்கை, பெட்டி, உடைகள், வேலைப் பலகை, உளிகள், கொஞ்சம் மரம், 10 ஏக்கர் நிலம். விசுவாசமாக உழைத்ததற்காக என்று காரணமும் எழுதியிருந்தார். “பார்த்தீர்களா எஜமானனின் தாராளத்தை!” என்று சிலர் மெச்சுகிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்த மனிதன் வருஷக்கணக்கில் செய்த வேலைக்குக் கூலி எங்கே? எஜமானன் செத்த பிறகு கிடைத்ததைத் தருமம் என்பதா? கூலி பாக்கி என்றே நாம் சொல்லுவோம்.

விடுதலை பெற்ற செலர் என்ன செய்தார்? அதே ஊரில் தாமே இழைப்புளி செய்தார். கதவுச் சட்டங்களிலும் கூரை விளிம்பிலும் வளைவும் வரியும் எடுக்கும் கருவிகள் அவை. கெட்டியான பர்ச் மரத்தில் செய்தவை. ஒவ்வொன்றின் முகப்பிலும் தம் பெயரை அடித்தார்: சீ. செலர், ரென்தம் வாசி. முன்பு எஜமானனின் பெயர் பதிந்த இடத்தில் இப்போது உழைத்தவனின் பெயர்!

1758இல் ஜூடித் ரஸ்ஸல் என்பவரை மணந்தார், குழந்தைகள் பிறந்தார்கள். 1784இல் இறந்தார். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1783இல், அடிமைத்தனம் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் கூறியது. எல்லா மனிதரும் சமம் என்று 1776இல் முழங்கிய தேசத்தில், அடிமை முறை முழுதும் ஒழிய 1865 வரை ஆயிற்று.

செலரின் கருவிகள் இன்று கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். கௌரவம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிக்கல்சன் முத்திரை இட்ட இழைப்புளிகளில் செலரின் வியர்வை இல்லை என்று யார் சொல்ல முடியும்? இருவரின் கருவிகளும் ஒரே வார்ப்பாக இருப்பதை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்களே!

ஆகவே தொழிலின் வம்சத்தை எழுதுகிறவர்களுக்கு நாம் சொல்லுவது இது: முதலாளியின் மகனை மட்டும் வாரிசு என்று எழுதாதீர்கள். கைவேலை ரத்தத்தில் இறங்குவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, பழகி, கையிலிருந்து கைக்கு வருவது. ரென்தம் பட்டறைக்கு ஜான் ஒரு வாரிசு என்றால், செலரும் வாரிசுதான்.

உழுதவன் பெயர் நெல் மூட்டையில் இல்லை. நெய்தவன் பெயர் துணியில் இல்லை. செலர் தம் பெயரை மரத்தில் அடித்து வைத்தார். இருநூறு வருஷங்களுக்கு மேலாகியும் அது அழியவில்லை. பெயர் அடிக்கும் உரிமை இல்லாமல் செத்த மற்ற அடிமைகளின் வம்சத்தை எழுதுவது யார்? வரலாறு எழுதுகிறவர்கள் தீர்க்க வேண்டிய கடன் அது!