ஒரே வருஷத்தில் எத்தனை உலகச் சாம்பியன்?



குஸ்தி பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் இந்தச் சச்சரவு உங்களுக்குப் புதிதல்ல. மூத்தவன் ஒரு பயில்வானின் பெயரைச் சொல்லி, அவர்தான் உலகச் சாம்பியன் என்பான். இளையவன், "அவரு போன மாசமே தோத்துட்டாரு" என்பான். மூன்றாமவன் கைப்பேசியை நீட்டி, வேறொருவரின் இடுப்பில் மின்னும் தங்கப் பட்டையைக் காட்டுவான். விசாரித்துப் பார்த்தால் மூவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். தீர்ப்புச் சொல்ல வழியில்லாமல் நீங்கள்தான் மெல்ல நழுவியிருப்பீர்கள்.

இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததல்ல. 1983-ஆம் வருஷம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஏன் அந்த வருஷம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த வருஷம் பிறந்தபோது அமெரிக்காவில் மட்டும் மூன்று 'உலகச் சாம்பியன்'கள் இருந்தார்கள். என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்புக்கு ரிக் பிளேர். ஏ.டபிள்யூ.ஏ.வுக்கு நிக் பாக்விங்கில். நியூயார்க் பக்கத்து டபிள்யூ.டபிள்யூ.எப். கம்பெனிக்கு பாப் பேக்லண்ட். அவர் 1978 பிப்ரவரியிலிருந்தே பட்டத்தை வைத்திருந்தார். நம் பாஷையில் சொன்னால், மூன்று தோட்டத்துக்கு மூன்று பெரிய கிராணி. இந்தத் தோட்டத்துக் கிராணியின் அதிகாரம் அடுத்த தோட்டத்துப் பிரட்டில் செல்லுமா? அதே கதைதான்.

ஜூன் 2-ஆம் தேதி ஜப்பானில் ஒரு பெரிய போட்டித் தொடர் முடிந்தது. இறுதிச் சண்டையில் ஜப்பானின் ஆண்டோனியோ இனோக்கியும் அமெரிக்கர் ஹல்க் ஹோகனும் மோதினார்கள். இனோக்கி நாக்கு வெளியே தள்ளக் கிடந்தார், ஹோகன் வென்றார். எட்டு நாள் கழித்து, ஜூன் 10-ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் நகரில் ஹார்லி ரேஸ், ரிக் பிளேரிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். நவம்பர் 24-ஆம் தேதி வட கரோலினாவில், இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நடந்த சண்டையில் பிளேர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று நடுவராக நின்றவர் பழைய சாம்பியன் ஜீன் கினிஸ்கி. இந்தப் பெயரை மனதில் வையுங்கள், மறுபடி வரும்.

வருஷக் கடைசியில் நடந்ததுதான் பெரிய வேடிக்கை. டிசம்பர் 26-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் பேக்லண்டும் ஈரான்காரர் அயர்ன் ஷேக்கும் மோதினார்கள். அமெரிக்கத் தூதரக ஆட்களை ஈரான் சிறைப்பிடித்து வைத்திருந்த கோபம் ஜனங்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஷேக் பேக்லண்டின் முதுகில் உட்கார்ந்து, மோவாயைப் பிடித்து மேலே இழுத்தார். பேக்லண்ட் 'முடியாது' என்று சொல்லவே இல்லை. வெளியே நின்ற அவருடைய மேனேஜர் துண்டை எடுத்து மேடைக்குள் வீசினார். சண்டை முடிந்தது. பட்டம் ஷேக்குக்குப் போனது.

நான்கே வாரம். 1984 ஜனவரி 23-ஆம் தேதி அதே அரங்கில் ஹல்க் ஹோகன் ஷேக்கைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு ஹோகன் படம் போட்ட சட்டை நம் பத்து காஜா வரைக்கும் வந்துவிட்டதே!

இப்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஹோகனைச் சாம்பியனாக்க வேண்டும் என்றால் பேக்லண்டோடு நேரே மோத விட்டிருக்கலாமே? விடவில்லை. இருவருமே ஜனங்களுக்கு நல்லவர்கள். நல்லவனை நல்லவன் அடித்தால் பாதிக் கூட்டம் முகம் வாடி வீட்டுக்குப் போகும். ஆகவே நடுவில் ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். பேக்லண்டின் மானம் கெடாமல் இருக்க ஒரு துண்டும் தேவைப்பட்டது. எல்லாம் முன்கூட்டியே போட்ட கணக்கு.

இது வெறும் வதந்தி இல்லை. 1989-இல் அந்தக் கம்பெனியே நியூ ஜெர்சி மாநில செனட் சபையில், எங்களுடையது போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் அதற்கான வரியும் வேண்டாம் என்பதற்காகச் சொன்ன உண்மை. காசு மிச்சமாகும் என்றால் எந்த ரகசியமும் வெளியே வந்துவிடும் போலிருக்கிறது.

இந்த ஒப்புதல் ஒரு முப்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் அம்மாவின் காதுத்தோடு தப்பியிருக்கும்.

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில், சம்பளம் போட்ட வாரம் ஈப்போவில் குஸ்தி என்று சேதி வந்தால் லயமே இரண்டுபடும். கிங்காங் பெயரைச் சொல்லித்தான் எங்களைச் சோறு சாப்பிட வைப்பார்கள். அவருடைய அசல் பெயர் எமில் சாயா. ஹங்கேரிக்காரர், மலை மாதிரி உடம்பு. 1970-இல் சாலை விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்தார்.

ஒரு சனிக்கிழமை என் அப்பா லோரி ஏறி ஈப்போ போனார். போவதற்கு முன் லயத்தில் ஒருவரிடம் 25 வெள்ளி பந்தயம். அப்பாவுக்கு அது பத்து நாள் பால்வெட்டுக் கூலி. ஒரு பஞ்சாபிப் பயில்வான் மேல் கட்டினார். அவர் தோற்றார். நள்ளிரவில் திரும்பிய அப்பா விளக்கை ஏற்றாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை பிரட்டுக்கு அம்மா காதில் ஈர்க்குச்சியோடு போனார். தோடு ஏழு மாதம் கழித்துத்தான் அடகுக்கடையிலிருந்து வந்தது.

தோற்கப் போவது அந்தப் பயில்வானுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்த மனிதருக்குத்தான் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்காக, எல்லாமே பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முடிவு பேசி வைத்தது; விழுவது அசல். அது மட்டுமல்ல, பேசி வைத்த முடிவை மேடையில் எதிராளி மீறிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தால்தான் பழைய முதலாளிகள், அசல் பிடி தெரிந்தவரிடமே பட்டத்தைக் கொடுத்து வைக்க விரும்பினார்கள். அமெரிக்கர் லூ தெஸ் அப்படிப்பட்டவர்.

தெஸ் பெயரைச் சொன்னால் தாரா சிங்குக்கு வந்துதானே ஆக வேண்டும்? நான் 1983-ஐ எடுத்ததே அவருக்காகத்தான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பட்டங்கள் கை மாறிக்கொண்டிருந்த அதே வருஷம், தில்லியில் நடந்த போட்டியோடு தாரா சிங் குஸ்தி மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் நம்ம ஊர் ஆள் மாதிரி. பஞ்சாபில் 1928-இல் பிறந்தவர், இருபது வயதைத் தொடும் முன்பே சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தார். மில்லில் வேலை செய்துகொண்டே கிரேட் வேர்ல்ட் திடலில் குஸ்தி பழகினார். தர்லோக் சிங்கை வென்று மலாயாச் சாம்பியன் ஆனார். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். 1968 மே 29-ஆம் தேதி பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன்.

இங்கேயும் அந்தப் பழைய சங்கதிதான். தெஸ் தம்முடைய என்.டபிள்யூ.ஏ. பட்டத்தை 1966-லேயே இழந்திருந்தார். யாரிடம்? அதே ஜீன் கினிஸ்கியிடம்! ஆகவே பம்பாயில் கை மாறியது அந்தப் பட்டம் அல்ல. அமெரிக்கக் கணக்குப் புத்தகத்தில் தாரா சிங் பெயர் ஏறவில்லை. நம் லயங்களில் அதை யார் பார்த்தார்கள்? கூலிக்கு வந்த ஒருவர் வெள்ளைக்காரரைக் கீழே போட்டார், அவ்வளவுதான் சேதி. பிற்பாடு 1987-இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமாராக வந்தபோதும், 'இவருதான் வரணும்' என்றார்கள் கிழவர்கள். 2012 ஜூலை 12-ஆம் தேதி மும்பையில் காலமானார்.

அப்பா கடைசிவரை குஸ்தியை விடவில்லை, பந்தயத்தைத்தான் விட்டார். எண்பதுகளின் கடைசியில் டவுனிலிருந்து ஒரு வீடியோ நாடா கொண்டுவந்து போட்டேன். 1983 அக்டோபர் 17-ஆம் தேதிச் சண்டை. ஜிம்மி ஸ்னூக்கா இரும்புக் கூண்டின் உச்சியில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கீழே கிடந்த டான் முராக்கோ மேல் பாய்கிறார். அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அப்போ இவன்தான் ஜெயிச்சான்?"

"இல்லப்பா. பாயறதுக்கு முன்னாலேயே இவரு தோத்தாச்சு. தோத்த பிறகுதான் மேலே ஏறுறாரு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏங்க, தோட்டைக் கழட்டி வைக்கட்டுங்களா?"