மான் இறங்கும் பாதையில் நிற்போம், வாருங்கள்!

தோழர்களே,

மாசி பிறந்துவிட்டது. நம் திருவண்ணாமலை மலையில் பச்சை சுருங்கி, புல் காய்ந்து சருகாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில வாரங்களில் மேலே இருக்கும் சுனைகள் ஒவ்வொன்றாக வற்றும். அப்புறம் புள்ளிமான்கள் கீழே இறங்கும். ரமணாசிரமத்தின் பின்புறமாகவும், பலாக்கொத்துப் பக்கமாகவும் இறங்கி, செங்கம் சாலையைத் தாண்டிச் சமுத்திரம் ஏரிப் பக்கம் தண்ணீருக்குப் போகப் பார்க்கும். அந்தச் சாலையில் அடிபட்டுச் சாகும். தப்பியதைத் தெருநாய் துரத்தும். நாய்க்கும் தப்பியது காட்டோரத்தில் வேட்டைக்காரன் வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டும். ஒவ்வொரு கோடையிலும் நாளிதழின் உள்பக்கத்தில் இரண்டு பத்திச் செய்தி வருகிறது, ‘ஐயோ பாவம்’ என்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இந்தக் கோடையை அப்படி விட்டுவிடக் கூடாது. கேட்பது இதுதான்: உடனே வாருங்கள்.

சாலை விபத்து வேறு, கள்ளவேட்டை வேறு என்று பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். அடிபட்டால் நெடுஞ்சாலைத் துறையைக் கேட்கிறோம், கறி பிடிபட்டால் வனத்துறையைக் கேட்கிறோம். இரண்டு துறையும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் மானுக்கு இரண்டும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. காட்டை ஒட்டித் தார் போட்ட மறுநாளே அந்த வழியாக லாரி மட்டுமா போகிறது? நெற்றியில் விளக்குக் கட்டிய ஆளும் பைக்கில் போகிறான். முன்பு இரவெல்லாம் நடந்து காட்டுக்குள் நுழைந்து, விடிவதற்குள் சுமந்துகொண்டு வெளியேற வேண்டியிருந்தது. இப்போது காட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, வேலையை முடித்து, கறியைச் சாக்கில் கட்டி, கொஞ்ச நேரத்தில் நகரத்துக்குள் வந்துவிடலாம். வேட்டைக்காரனுக்கு நாமே போட்டுக் கொடுத்த வாசல் இந்தச் சாலை. அதை விட்டுவிட்டு வேட்டையை மட்டும் பிடிப்பேன் என்பது நடக்கிற காரியமில்லை.

சுருக்குக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பைக்கின் கிளட்ச் கேபிள்தான். கழித்துப் போட்டது மெக்கானிக் கடையில் சும்மாவே கிடைக்கும். மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் எஃகுப் புரியை எடுத்து, ஒரு நுனியில் கண்ணி வைத்து, மறுநுனியை வேரிலோ அடிமரத்திலோ இறுக்கிக் கட்டுகிறார்கள். மான் தண்ணீருக்கு நடக்கும் தடம் பெரும்பாலும் மாறாது. குளம்பு பட்டுப் பட்டு மண் வழவழப்பாகியிருக்கும். அந்தத் தடத்தின் இரண்டு பக்கமும் முள்ளை வெட்டிப் போட்டு வழியைக் குறுக்கி, நடுவில் மானின் தலை உயரத்துக்குக் கண்ணியைத் தொங்க விடுகிறார்கள். கழுத்தில் ஏதோ பட்டதும் மான் மிரண்டு முன்னால் பாய்கிறது. பாயப் பாயக் கண்ணி இறுகுகிறது. சத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, பக்கத்துக் கொல்லையில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. வைத்தவன் ஏதோ காரணத்தால் மறுநாள் வராமல் போனால், கம்பி அங்கேயே இருந்து அடுத்ததையும் பிடிக்கும். முயலோ, மேயப் போன ஆடோ, நம் வீட்டு நாயோ, அதற்குப் பேதமில்லை.

சாலையில் நடப்பதையும் சொல்கிறேன். ஆசிரமம் தாண்டிய வளைவுப் பக்கம் ஒருநாள் விடியற்காலையில் ஒரு பெண்மான் கிடந்தது. பின்னங்கால்கள் இரண்டும் உடைந்து, முன்னங்காலை மட்டும் ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. அப்படியென்றால் மலையடிவாரத்தில் எங்கோ ஒரு புதரில் குட்டி படுத்திருக்கிறது. தாய் மேயப் போனால் குட்டி அசையாமல் படுத்துக் கிடக்கும், தாய் வந்து கூப்பிடும் வரை எழாது. சுற்றி நாற்பது பேர் நின்று கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தோம். யாரோ அதன் வாயில் தண்ணீர் ஊற்றினார். வனத்துறை வண்டி வருவதற்குள் அது அடங்கிவிட்டது. அன்று சாலையில் செத்ததாக எழுதப்பட்ட கணக்கு ஒன்று. உண்மையில் இரண்டு.

புள்ளிமானுக்குச் சினைக்காலம் ஏழரை மாதம். பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். எங்கும் கூட்டம் கூட்டமாகத் தெரிகிறதே, இதற்கு என்ன குறை வந்துவிட்டது என்று சிலர் கேட்கிறார்கள். பெருங்காட்டு மான்களைப் பற்றி அப்படிச் சொல்லலாம். நம் மலையின் நிலைமை வேறு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் சுற்றளவு. அதற்குள் மலை, வெளியே நகரம், வீட்டு மனை, விடுதி, கடை. மேற்கே கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாக வந்து செஞ்சி, திண்டிவனம் போகும் 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வடக்கே வேலூர், போளூர் வழியாக வந்து விழுப்புரம் இறங்கும் 38ஆம் எண் சாலை. இந்த மலைக்கும் கவுத்திமலைக்கும் செங்கம் பக்கத்துக் காப்புக்காடுகளுக்கும் அதற்கப்பால் ஜவ்வாது மலைக்கும் இடையே ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமும் ஏரிக்கரையும் கரடும் தொடர்ந்து இருந்தன. இன்று அந்தத் தொடர் துண்டு துண்டாகிவிட்டது. துண்டுக்குள் மாட்டிய கூட்டத்துக்கு வெளியிலிருந்து புது ரத்தம் வராது. ஒரு நோய், ஒரு காட்டுத்தீ, ஒரு மோசமான கோடை போதும், கூட்டம் பாதியாகும். மறுபடி நிரப்ப ஆள் கிடையாது. சாலையில் செத்த மான் கண்ணுக்குத் தெரிகிறது. சாலைக்குப் பயந்து கடக்காமலே நின்றுவிட்ட மான் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. கனடாவின் வடகாடுகளில் மரம் வெட்டவும் எண்ணெய் தேடவும் போட்ட பாதைகளில் ஓநாய்கள் விரைவாக ஓடி, கேரிபூ மான்களைப் பிடிக்கின்றன. முன்பு அடர்காடும் ஈரநிலமும் அந்த மான்களைக் காத்தன. பாதை வந்ததும் அந்தக் காவல் போயிற்று. கஜகஸ்தான் புல்வெளிகளின் சைகா மான்களோ சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கொம்புக்காகவும் கறிக்காகவும் வேட்டையாடப்பட்டு, லட்சக்கணக்கில் இருந்தவை 2005 வாக்கில் 50,000க்கும் கீழே இறங்கின. காவலர்களைப் போட்டு, கொம்பு வியாபாரத்தை நெருக்கியதும் மீண்டன. நடுவில் 2015இல் நோய் வந்து சில வாரங்களில் 2 லட்சம் மான்கள் செத்தன; அதையும் தாண்டி 2023 கணக்கெடுப்பில் 19 லட்சம் வரை வந்துவிட்டன. வேட்டையை நிறுத்தினால் மான் திரும்பும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட வந்தபோது செங்கம் பக்கத்து விவசாயிகள் வயலில் விழுந்து அழுததை மறந்திருக்க மாட்டீர்கள். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், காஞ்சிபுரம் தொடங்கித் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டம். வயலோடு காப்புக்காடுகளையும் அறுத்துக்கொண்டு போவதாகத்தான் அந்தக் கோடு வரையப்பட்டிருந்தது. 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நிலமெடுப்பு அறிவிக்கைக்கு முன்பாகச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். ஒரு காட்டின் நடுவே கோடு போட்டு, நிலத்தை எடுத்து, பணத்தையும் இறக்கிவிட்ட பிறகு காட்டைப் பற்றிக் கேட்டால் யார் காதில் விழும்? கவுத்திமலையையும் வேடியப்பன்மலையையும் இரும்புத்தாதுக்காக வெட்ட வந்த திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். சுரங்கம் வந்தால் சாலை வரும், சாலை வந்தால் லாரி வரும், லாரிக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும் என்று அவர்கள் அன்றைக்கே சொன்னார்கள்.

எதிர்த்தால் நிற்காது என்று சோர்ந்துபோகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது, 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு குறுக்கே வந்து நிறுத்தியது. பந்திப்பூர்க் காட்டு நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை. நம் மாநிலத்திலேயே பண்ணாரி–திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தை நிறுத்த உத்தரவிட்டது. கடையடைப்பு, மறியல், வழக்கு எல்லாம் நடந்தும் அங்கே மானுக்கு இரவு கிடைத்தது. மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் காட்டை ஒட்டிய 44ஆம் எண் நெடுஞ்சாலையில் விலங்குகள் கடக்கவென்றே ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கேமரா வைத்துப் பார்த்ததில் அடியில் அதிகம் கடந்த விலங்குகளில் புள்ளிமானும் ஒன்று. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம்மில் சிலருக்கு ஒரு சங்கடம் உண்டு, அதையும் பேசிவிடுவோம். பால் வண்டியும் ஆம்புலன்ஸும் பள்ளிப் பேருந்தும் போகிற சாலையை மூடச் சொல்லவில்லை. வேட்டையைப் பற்றிப் பேசும்போது மலைவாசிகள் மீதும் நாடோடிகள் மீதும் விரலை நீட்டுகிற பழக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். கம்பி வைக்கிறவனுக்குக் கிடைப்பது கூலி. காசு கொடுத்து மான்கறி கேட்டு வாங்கி, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறவன்தான் இந்தத் தொழிலை நடத்துகிறான். அவன் பெரும்பாலும் நம் தெருவில்தான் இருக்கிறான், நம் விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பேரைச் சொல்லத் தயங்கிக்கொண்டே ஏழையைப் பிடித்துக் கொடுப்பது போராட்டம் ஆகாது.

ரமணாசிரம வளாகத்தில் வள்ளி என்ற மானுக்குச் சமாதி இருக்கிறது. லட்சுமி பசுவுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் பக்கத்தில். உலகின் மூலைமுடுக்கிலிருந்து வருகிறவர்கள் அங்கே நின்று கும்பிடுகிறார்கள். வெளியே வந்தால் அதே சாலை. அந்தச் சமாதிக்கு முன் நின்ற ஒவ்வொருவரையும் இந்த வேலைக்கு அழைக்க நமக்கு உரிமை இருக்கிறது. கூச்சப்படாமல் அழையுங்கள்.

என்ன கேட்கப்போகிறோம்? ஆசிரமத்திலிருந்து அடி அண்ணாமலை வரை வேகத்தடை வேண்டும், இரவில் கனரக வாகனத்துக்கு மாற்றுவழி வேண்டும், மான் கடக்கும் இடங்களை வனத்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஒன்றாக நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். மலைக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டிகளில் வெயில் முற்றுவதற்கு முன்னால் நீர் நிரப்பினால் மான் இறங்கவேண்டிய தேவையே பாதி குறையும். இதற்கு ஆகும் செலவு ஒரு பௌர்ணமியின் வரவேற்பு வளைவுகளுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை கூடுகிறது. ஊராட்சிகளில் இருக்கும் தோழர்கள் அன்று எழுந்து நின்று இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் பகுதி சபையில் கேளுங்கள்.

பௌர்ணமி அன்னதானம் செய்கிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மிஞ்சிய சோற்றையும் இலையையும் பாதையோரம் கொட்டாதீர்கள். அதைத் தேடித்தான் நாய்க்கூட்டம் மலையடிவாரத்தில் பெருகுகிறது. அதைத் தேடித்தான் மானும் வந்து பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்கிறது. புண்ணியம் தேடிச் செய்கிற காரியம் ஒரு உயிரின் வயிற்றை அடைக்கக் கூடாது.

ஆட்டோ ஓட்டும் தோழர்களே, இரவு முழுக்க அந்தச் சாலையில் இருப்பது நீங்கள்தான். அடிபட்ட மானைக் கண்டால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, விளக்கைப் போட்டு, கூட்டத்தை விலக்குங்கள். மான் பயத்திலேயே சாகும் பிராணி. காயம் சின்னதாக இருந்தாலும் ஓயாத மிரட்சியில் தசையும் இதயமும் கெட்டுப்போகும். கண்ணைத் துணியால் மூடுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். செத்துக் கிடந்தாலும் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் சொத்து; யாராவது சாக்கில் போட்டால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த ஒரு கோடைக்கு அந்த நோட்டு ஒழுங்காக எழுதப்பட்டால் போதும், எந்த அதிகாரியின் மேசையிலும் நாம் நெஞ்சை நிமிர்த்தி அதைப் போடலாம்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குச் செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு எதிர்ப்புறம் கூடுகிறோம். வனத்துறையின் அனுமதியோடு அடிவாரத்தில் நடந்து கம்பி தேடப் போகிறோம். அனுமதி தாமதமானால், வாங்கும் வரை வனச்சரக அலுவலகத்தை விட்டு நகரமாட்டோம். கெட்டியான செருப்பு, தோல் கையுறை, கம்பி வெட்டும் குறடு, குடிக்கத் தண்ணீர் எடுத்து வாருங்கள். குழந்தைகளை அழைத்து வரவேண்டாம், முள் அதிகம். இந்தக் கடிதத்தைப் படித்த ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள்.