அகதிக்கு இட்ட பூட்டு விருந்தாளியையும் வெளியே நிறுத்துகிறது

வீசா என்பது ஒரு நாட்டின் வாசற்கதவு. அதனை எவருக்குத் திறப்பது, எவருக்குச் சாத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த நாட்டுக்கு உண்டு. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், உல்லாசப் பயணி வருவதும் அந்தக் கதவினூடாகத்தான். பேரப்பிள்ளையைக் காண அம்மம்மா வருவதும் அந்தக் கதவினூடாகத்தான். உயிருக்கு அஞ்சி ஓடிவருபவர் வந்து தட்டுவதும் அந்தக் கதவைத்தான். மூன்றாமவரைத் தடுப்பதற்கென இடப்படும் பூட்டு முதல் இருவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. பூட்டியவருக்கும் அதனால் நட்டமே மிஞ்சுகிறது. கடந்த நாற்பது ஆண்டுகால வரலாறு இதனைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றின் முதற் பக்கத்திலேயே எமது மக்களின் பெயர் எழுதப்பட்டிருப்பதால், இதுபற்றிப் பேசும் கடமை ஏனையோரிலும் பார்க்க எமக்கு அதிகம் உண்டு.

1985இல் எழுதப்பட்ட முதற் பக்கம்

ஒரு காலத்தில் பொதுநலவாய நாடுகளின் பிரஜைகள் பிரித்தானியாவுக்கு வருகையாளராகச் செல்வதற்கு முன்கூட்டியே வீசாப் பெறவேண்டிய தேவை இருக்கவில்லை. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் தமிழர்கள் இலண்டன் விமானநிலையங்களில் வந்திறங்கித் தஞ்சம் கோரத் தொடங்கினர். 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைப் பிரஜைகள் அனைவருக்கும் வீசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் மீது பிரித்தானியா இவ்வாறு வீசா விதித்தது அதுவே முதற்றடவை. மறுவருடமே இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளும் அந்தப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

அத்துடன் நிற்கவில்லை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமானநிலையத்தில் இறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப முற்பட்டபோது, அவர்கள் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்த காட்சியை உலகமே கண்டது. அதே ஆண்டில் விமானக் கம்பனிகளைப் பொறுப்பாளிகளாக்கும் சட்டமொன்று நிறைவேறியது. உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிவந்தால் ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். 1991இல் அது இரட்டிப்பாக்கப்பட்டது. இவ்வாறு, கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்க்கும் வேலை விமானக் கம்பனி ஊழியரின் தலையில் விழுந்தது. குடிவரவு அதிகாரியின் தீர்ப்புக்கு மேன்முறையீடு உண்டு. விமானக் கம்பனி ஊழியரின் தீர்ப்புக்கு அதுவும் இல்லை.

இதன் தொடர்ச்சியை இன்றும் காண்கிறோம். விமானம் மாறுவதற்கு மட்டும் ஒரு விமானநிலையத்தில் இறங்கும் பயணியிடங்கூட வீசாக் கேட்கும் வழக்கம் ஷெங்கன் நாடுகளிடம் உண்டு. அவற்றின் 2009ஆம் ஆண்டு வீசாச் சட்டத்தில் இவ்வாறு குறிக்கப்பட்ட பன்னிரண்டு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பிராங்போட்டில் இரண்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிப் போகும் முதியவர்கூட, தகுந்த வேறு வீசாவோ வதிவிட அனுமதியோ இல்லையெனில், அந்த நாற்காலிக்கும் ஒரு வீசா எடுக்கவேண்டும்.

மெக்சிக்கோ கற்பிக்கும் பாடம்

இவ்வழியிற் சென்ற நாடுகளுள் கனடாவும் ஒன்று. இந்தக் கொள்கையின் இலாப நட்டக் கணக்கைத் தெளிவாகப் பார்ப்பதற்குக் கனடாவும் மெக்சிக்கோவும் கொண்டுள்ள உறவைப்போல் சிறந்த உதாரணம் வேறில்லை.

1994 முதல் இவ்விரு நாடுகளும் ஐக்கிய அமெரிக்காவும் ஒரே சுதந்திர வர்த்தக உடன்படிக்கையால் இணைந்தவை. ஆண்டுதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கனடியர்கள் குளிருக்குத் தப்பி மெக்சிக்கோக் கடற்கரைகளுக்குச் செல்கிறார்கள். அவர்களிடம் மெக்சிக்கோ வீசாக் கேட்பதில்லை. இவ்வாறிருக்க, 2009 ஜூலை 13ஆம் திகதி கனடிய அரசு மெக்சிக்கோ, செக் குடியரசு ஆகிய இரு நாட்டவர்க்கும் வீசாவைக் கட்டாயமாக்குவதாக அறிவித்தது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. 2008இல் 9,400க்கும் மேற்பட்ட மெக்சிக்கர்கள் தஞ்சம் கோரினர், அவர்களுள் 11 வீதத்தினரே ஏற்கப்பட்டனர் என்பது அரசு சொன்ன காரணம். செக் நாட்டவர் விடயத்தில் அங்கிருந்து வந்த றோமா மக்களின் தஞ்சக் கோரிக்கைகளே காரணமாயின.

விளைவு என்ன? தஞ்சம் கோரிய மெக்சிக்கர்களின் தொகை 2010இல் சுமார் 1,300 ஆகக் குறைந்தது. இந்த அளவில் அரசு எண்ணியது நிறைவேறியது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், அதே காலத்தில் மெக்சிக்கோவிலிருந்து கனடாவுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகையும் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. 2009இல் பொருளாதார மந்தமும் பன்றிக் காய்ச்சலும் இருந்தன என்பது மெய்யே. ஆயின் அவை ஓய்ந்த பின்னரும், வீசா இருந்த காலம் முழுவதும், அந்த வீழ்ச்சி எளிதில் மீளவில்லை. 2016 டிசெம்பர் 1ஆம் திகதி வீசா நீக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே வந்தவர்களின் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. வீசா நீங்கியதும் வந்தவர்கள், வீசா இருந்தபோது வர விரும்பாதவர்கள் அல்லர்; வரமுடியாதவர்கள், அல்லது அந்தச் சிரமத்தை வேண்டாமென்று விட்டவர்கள்.

கதை அங்கே முடியவில்லை. தஞ்சக் கோரிக்கைகள் மீண்டும் உயர்ந்தன. 2023இல் கனடாவில் பதிவான மொத்தக் கோரிக்கைகளில் 17 வீதம் மெக்சிக்கர்களுடையவை. 2024 பெப்ரவரி 29ஆம் திகதி இரவு வீசா மீண்டும் கொண்டுவரப்பட்டது. முடிவு காணப்பட்ட மெக்சிக்கர்களின் கோரிக்கைகளில் ஏறத்தாழ 60 வீதம் நிராகரிக்கப்பட்டவை, மீளப்பெறப்பட்டவை அல்லது கைவிடப்பட்டவை என்று அரசு விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை மறுபக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். எஞ்சிய 40 வீதத்தினர் யார்? நாட்டின் சட்டப்படியே பாதுகாப்புக்கு உரியவர்கள் என்று காணப்பட்டவர்கள். பத்துப் பேரில் நால்வருக்கு மெய்யான ஆபத்து உண்டு என்று தெரிந்துகொண்டே கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

தெரிவு உள்ளவரும் இல்லாதவரும்

வீசா என்னும் தடை முதலில் யாரைத் திருப்புகிறது என்பதைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். உல்லாசப் பயணிக்குப் போவதற்கு உலகத்தில் நூறு இடங்கள் உண்டு. படிவம் நிரப்பு, வங்கிக் கணக்கைக் காட்டு, சம்பளப் பத்திரம் கொண்டுவா, கைரேகை பதிய வேறு நகரத்துக்குப் போ, கட்டணத்தைக் கட்டு, மறுத்தாலும் பணம் திரும்பாது, எப்பொழுது பதில் வருமென்று கேளாதே என்றெல்லாம் சொன்னால், அவர் கோபிப்பதுகூட இல்லை. வேறு நாட்டுக்கு விமானச்சீட்டு எடுத்துவிடுகிறார். அவரோடு விடுதிக்காரரின் வருமானமும், உணவகத்தில் கோப்பை கழுவும் தொழிலாளியின் வேலை நேரமும், மொழிப் பாடசாலையின் ஒரு மாணவ இடமும் போய்விடுகின்றன. அந்த உணவகங்களிற் கோப்பை கழுவியவர்களில் எம்மவர் எத்தனை பேர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அகதிக்கோ தெரிவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் தஞ்சம் கோரும் மனிதரை ஏற்கிறது. ஆனால் தஞ்சம் கோருவதற்கென்று போய் நின்று வீசாக் கேட்க இடம் தரும் தூதரகம் கிடைப்பது அரிது. மண்ணை மிதித்தால்தான் கோரலாம், மிதிப்பதற்கு வழியில்லை. அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காக அகதியைத் தண்டிக்கலாகாது என்று அதே சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்வது, இதனை முன்னறிந்தே போலும். நேர்வழி அடைபட்டால் அவர் திரும்பிப் போவதில்லை, சுற்றுவழி தேடுகிறார். கிழக்கு பேர்லின் வழியாக மேற்குக்கு வந்த எம் இளைஞர்கள் தேடியது சுற்றுவழியே. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரும், 2010 ஓகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்த ‘சன் சீ’ கப்பலின் 492 பேரும் வந்ததும் சுற்றுவழியே. ஆகவே, தெரிவு உள்ளவரை வீசா திருப்பி அனுப்புகிறது. தெரிவு இல்லாதவரை முகவர்களின் கையில் ஒப்படைக்கிறது.

இவ்விருவருக்கும் நடுவில் மூன்றாவது கூட்டமொன்று உண்டு. எமது வீடுகளிலெல்லாம் அதன் கதைதான். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வரவிரும்பும் தாய், தம்பியின் திருமணத்துக்கு வரவிரும்பும் அண்ணன், தமையனின் இறுதிக்கிரியைக்கு வரமுடியாத தங்கை. “நீங்கள் திரும்பிச் செல்வீர்கள் என்பதில் எமக்குத் திருப்தி இல்லை” என்னும் பொருளில் அவர்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுபது வயது வரை வாழ்ந்த வீட்டையும் கிணற்றையும் விட்டு வெளிநாட்டுக் குளிரில் ஒளிந்து வாழ எந்தத் தாய் ஆசைப்படுவாள்? ஆனால் அவளுடைய கடவுச்சீட்டின் நிறமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமென 2011 டிசெம்பரில் கனடா தொடக்கிய சிறப்பு வீசா ஓரளவு ஆறுதல் தந்தது உண்மை. எனினும் பிள்ளையின் வருமானத்தையும் மருத்துவக் காப்புறுதியையும் காட்டமுடியாத குடும்பங்களுக்கு அதுவும் எட்டாக்கனியே.

திறந்தவர்கள் கண்ட பயன்

கதவைத் திறந்தால் நாடு தாங்காது என்பவர்கள் யப்பானைப் பார்க்கலாம். குடிவரவில் அந்நாட்டைப்போல் இறுக்கமான நாடுகள் சிலவே. அத்தகைய யப்பான் 2013 ஜூலையில் தாய்லாந்து நாட்டவருக்குக் குறுகிய கால வீசாவை நீக்கியது. 2012இல் சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரமாக இருந்த தாய்லாந்துப் பயணிகளின் தொகை 2014இல் 6 இலட்சத்து 57 ஆயிரத்தை எட்டியது. காலம் முடிந்தும் தங்கிவிட்டவர்களும் அவர்களுட் சிலர் இருந்தனர். அவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையை யப்பான் தன் அதிகாரிகளிடம் விட்டதேயன்றி, சிலரின் தவறுக்காக இலட்சக்கணக்கானோரின் முகத்தில் கதவைச் சாத்தவில்லை. சீனாவும் 2023 டிசெம்பர் முதல் பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளுக்கு வீசாவைத் தளர்த்தியது. 2024இல் வீசாவின்றி அங்கு நுழைந்தவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். முன்னைய ஆண்டின் இரு மடங்குக்கும் அதிகம். கொவிட் கால முடக்கம் நீங்கியதும் இதற்கு ஒரு காரணமே என்றாலும், வீசாத் தளர்வின் பங்கு சிறிதன்று.

உல்லாசப் பயணிகளின் டொலரை நம்பி வாழும் இலங்கை அரசும் இந்தப் பாடத்தைச் சூடுபட்டே படித்தது. 2024 ஏப்ரலில் வீசா வழங்கும் பணி வெளிநாட்டுத் தனியார் கம்பனிகளிடம் கைமாறியபோது, 50 டொலராக இருந்த செலவு 100 டொலரளவுக்கு ஏறியது. உல்லாசப் பயணத்துறையினர் கொதித்தெழ, 30 நாள் வீசாவுக்குப் பழைய 50 டொலரே போதும் என்று சில வாரங்களுக்குள் அமைச்சரவை பின்வாங்கியது. 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தப் புதிய முறைக்கே இடைக்காலத் தடை விதித்தது. ஐம்பது டொலர் கூடினால் விருந்தாளி வரமாட்டார் என்று ஒரு வறிய நாட்டுக்கு விளங்குகிறது. செல்வந்த நாடுகளுக்கு விளங்கவில்லை.

செய்யவேண்டியவை

எல்லைகளையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று இங்கு கேட்கவில்லை. தஞ்சக் கோரிக்கை மெய்யா பொய்யா என்பதைத் தஞ்சக் கோரிக்கைகளை ஆராயும் இடத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வருகையாளரின் விண்ணப்பத்தில் தீர்க்க முயலாதீர்கள் என்பதே கோரிக்கை. கனடாவின் குடிவரவு, அகதிகள் சபையின் முன் 2024 முடிவில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருந்தன. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்பதே பொய்க் கோரிக்கையாளருக்குக் கிடைக்கும் பெரும் இலாபம். அதுவே மெய்யான அகதிக்குப் பெரும் தண்டனை. போதிய உறுப்பினர்களை நியமித்து விரைவாகவும் நீதியாகவும் தீர்ப்பளித்தால் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாகும்.

இரண்டாவது, முன்னர் வந்து ஒழுங்காகத் திரும்பிச் சென்றவரை நம்புதல். 2024இல் மெக்சிக்கோவுக்கு வீசா விதித்தபோதுகூட, கடந்த பத்து ஆண்டுகளில் கனடிய வீசாப் பெற்றிருந்தவர்களுக்கும் அமெரிக்க வீசா உள்ளவர்களுக்கும் விமானத்தில் வருவதாயின் கனடா விலக்களித்தது. இத்தகைய சலுகை 2023 ஜூனில் மேலும் 13 நாடுகளுக்கு நீட்டப்பட்டபோது அப்பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. ஒருமுறை வந்து பேரனைக் கொஞ்சிவிட்டு ஊர் திரும்பிய தாய், மறுமுறையும் முதலிலிருந்து தன்னை நிரூபிக்கவேண்டியதில்லை என்று எமது பிரதிநிதிகள் ஒட்டாவாவிற் கேட்கவேண்டும். வாக்குக் கேட்டு எமது கோவில் வாசல்களுக்கு வருபவர்களிடம் நாம் முதலிற் கேட்கவேண்டியதும் இதுவே.

மூன்றாவது, எம்மைப் பற்றியது. வருகையாளர் வீசாவில் வந்து தஞ்சம் கோரியவர்கள் எம்மிலும் உண்டு. அதனால் எம் உறவினரின் விண்ணப்பங்கள் பாதிக்கப்படுகின்றன என்ற முணுமுணுப்பும், “இனி வருபவர்களை நிறுத்தினால் நல்லது” என்ற பேச்சும் எமது வீடுகளிலேயே கேட்கத் தொடங்கியிருக்கின்றன. குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் ஏறிவந்த ஏணியை உதைத்துத் தள்ளுவது எமக்கு அழகன்று. இன்று மெக்சிக்கர்களையும் றோமா மக்களையும் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் 1985இல் எம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதே. தாய்க்கு வீசாக் கிடைக்காமல் வருந்தும் மகனும், அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞனும் எதிரெதிர் அணியினர் அல்லர். ஒரே பூட்டுக்கு வெளியே நிற்கும் இருவர். அந்தப் பூட்டு மாற்றப்படவேண்டும் என்று இருவரும் ஒரே குரலிற் கேட்டாலன்றி, இருவருக்குமே கதவு திறக்கப்போவதில்லை.