பரணில் உறங்கும் கச்சேரிகள்

1968இல் மறைந்த மதுரை மணி ஐயரின் சங்கீதத்தை இன்றைய ரசிகர் அறிவது, பெரும்பாலும் அந்நாளைய கச்சேரிகளை அன்பர்கள் தம் சொந்த ஆர்வத்தால் பதிந்துவைத்த ஒலிநாடாக்களின் தயவினாலேயே என்பதை நினைக்கும்போது, அத்தகைய பதிவுகளை வீட்டுப் பரணில் பூட்டிவைப்பது கலைக்குச் செய்யும் துரோகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய அசிடேட் நாடா காலப்போக்கில் காடி வாடை வீசிச் சுருங்கி உருக்குலைந்துபோகும். ஆயினும் பதிந்தவர் தம்மையே உடைமையாளராகக் கருதிவிடலாகாது. நமது காப்புரிமைச் சட்டம், கச்சேரி நடந்ததற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 50 ஆண்டுகள், பாடியவருக்கும் பக்கவாத்தியம் வாசித்தவருக்குமே உரிமை அளிக்கிறது. சட்டத்தினும் நுட்பமானது மனத்தின் உரிமை: ஜலதோஷத்தால் சாரீரம் ஒத்துழையாத ஒரு நாளின் கச்சேரியையோ, நண்பர் இல்லத்தில் நம்பிக்கையோடு பாடிப்பார்த்த பல்லவியையோ, வித்வானின் சம்மதமின்றி இணையத்தில் ஏற்றி உலகறியச் செய்வது, அச்சங்கீதம் எத்துணை உயர்ந்ததாயினும், நியாயமாகாது. ஆகவே, நாடாக்களை வைத்திருக்கும் அன்பர்களே, முதலில் அவற்றைக் கணினியில் பதிந்து காப்பாற்றுங்கள். பிறகு வித்வானையோ அவர் குடும்பத்தாரையோ கேளுங்கள். சம்மதம் கிடைத்த அன்றே, ஊரும் தேதியும் பக்கவாத்தியக்காரர் பெயரும் குறித்து, தாமதமின்றி வெளியிட்டுவிடுங்கள்.